கல்லாவிலிருந்து கிடங்குக்கு: பட்டைக்குறியீடும் அமெரிக்கச் சில்லறை வணிகர் பெற்ற நன்மைகளும் (1948–2005)

ஆய்வுச் சுருக்கம்

பட்டைக்குறியீட்டின் வரலாறு பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அத்தொழில்நுட்பத்தால் சில்லறை வணிகர் பெற்ற நன்மை யாது, அந்நன்மை சில்லறை வணிகர் அனைவரையும் எட்டியதா என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் பின்தங்கிவிடுகின்றன. அமெரிக்கச் சில்லறை வணிகத்தைக் களமாகக் கொண்ட இக்கட்டுரை 1948 முதல் 2005 வரையிலான காலத்தை ஆராய்கிறது. கல்லாவில் உழைப்பைச் சேமிக்க உருவாக்கப்பட்ட கருவி, காலப்போக்கில் விற்பனை பற்றிய அறிவைச் சில்லறை வணிகரின் உடைமையாக்கியது. அவ்வறிவைக் கொள்முதலோடும் கிடங்கோடும் இணைக்க வல்லவர்களே அதன் முழுப்பயனையும் அடைந்தனர் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பட்டைக்குறியீடு, சில்லறை வணிகம், விநியோகச் சங்கிலி, விற்பனைத் தரவு, பொதுத் தரம், வணிக வரலாறு.

முன்னுரை

ஒரு பொருள் ஆலையிலிருந்து நுகர்வோரின் கைக்கு வந்து சேரும்வரை பலருடைய பொறுப்பில் இருக்கிறது. உற்பத்தியாளர், மொத்த வணிகர், கிடங்கு, சில்லறைக் கடை என நீளும் இத்தொடரை விநியோகச் சங்கிலி என்பர். இச்சங்கிலியில் சரக்கு மேலிருந்து கீழ்நோக்கி நகர்கிறது; பணம் கீழிருந்து மேல்நோக்கி நகர்கிறது. இவ்விரண்டோடு மூன்றாவதாகச் செய்தியும் நகர்கிறது. எந்தப் பொருள், எந்தக் கடையில், எந்த நாளில், எத்தனை விற்றது என்பதே அச்செய்தி. முதல் இரண்டின் வரலாறு பொருளியல் நூல்களில் விரிவாகப் பேசப்பட்டிருக்க, மூன்றாவதன் வரலாறு ஒப்பீட்டளவில் குறைந்த கவனத்தையே பெற்றுள்ளது.

புதிய தொழில்நுட்பம் சில்லறை வணிகருக்கு நன்மை தரும் என்பது மேலாண்மைப் பாடநூல்களில் பொதுவாகக் காணப்படும் கூற்று. விரைவு, பிழையின்மை, இருப்புக் கட்டுப்பாடு, நுகர்வோர் நிறைவு ஆகியன அந்நன்மைகளாகப் பட்டியலிடப்படுகின்றன. இப்பட்டியல் தவறானதன்று, எனினும் அது காலமற்றதாக இருக்கிறது. எந்த நன்மை முதலில் எதிர்பார்க்கப்பட்டது, எது பின்னர் எதிர்பாராது வந்தது, எதற்கு யார் விலை கொடுத்தனர் என்பவற்றை அது கூறுவதில்லை. 'சில்லறை வணிகர்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் நாடளாவிய சங்கிலி நிறுவனமும் தெருமுனைக் கடைக்காரரும் ஒருங்கே அடக்கப்படுவதும் அப்பட்டியலின் குறையாகும். இவ்விடைவெளியை ஒரு குறிப்பிட்ட வரலாற்று நிகழ்வைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறியீட்டுக்கு முந்தைய கடை

சில்லறைக் கடையில் விற்பனையைப் பதிவுசெய்யும் பொறிகளின் வரலாறு ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தொடங்குகிறது. அந்நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, பணியாளர்கள் பணத்தைக் கையாடுவதைத் தடுக்கும் பொருட்டு 1879-இல் பணப்பதிவுப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை வாங்கியவர்களிடமிருந்து அதைப் பெற்ற ஜான் பேட்டர்சன் 1884-இல் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தை நிறுவினார். இப்பொறி ஒவ்வொரு விற்பனையின் தொகையைப் பதிந்தது. விற்ற பொருள் எது என்பதைப் பதியவில்லை. நாள் முடிவில் கடைக்காரருக்குக் கல்லாவில் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது தெரிந்தது. அலமாரியில் எது குறைந்துள்ளது என்பதைக் கண்ணால் பார்த்தே அறியவேண்டியிருந்தது.

கடையின் அமைப்பு மாறியபோது இக்குறை பெரிதாயிற்று. 1916-இல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய பிக்லி விக்லி கடை, வாடிக்கையாளரே பொருளை எடுத்துவரும் முறையைப் பரப்பியது. 1930-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் தொடங்கிய கிங் கல்லன், பேரங்காடி என்னும் வடிவத்துக்கு முன்மாதிரியாயிற்று. பொருளை எடுத்துத் தரும் பணியாளர் குறைந்தார். வரிசையின் முடிவில் கணக்கிடும் பணியாளரின் சுமை கூடியது. ஒவ்வொரு டப்பாவிலும் விலையை முத்திரையிடவேண்டும். விலை மாறினால் பழைய விலையை அழித்து மீண்டும் இடவேண்டும். காசாளர் அதைப் படித்து விசையை அழுத்தவேண்டும். மிகக் குறைந்த இலாப விழுக்காட்டில் இயங்கிய மளிகை வணிகத்தில் இவ்வுழைப்புச் செலவு பெருஞ்சுமையாக உணரப்பட்டது.

இக்காலத்தில் விற்பனை பற்றிய முறையான அறிவு பெரிதும் உற்பத்தியாளரிடமே இருந்தது என்பது கருதத்தக்கது. ஆர்தர் நீல்சன் சிகாகோவில் நிறுவிய ஆய்வு நிறுவனம் 1930-களில் கடைத் தணிக்கை முறையைத் தொடங்கியது. மாதிரியாகத் தேர்ந்த கடைகளுக்குத் தணிக்கையாளர் இரு மாதங்களுக்கு ஒருமுறை சென்று இருப்பை எண்ணுவர். தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் விற்பனை கிடைக்கும். இவ்வறிக்கைகளை விலை கொடுத்து வாங்கியவர்கள் பெரும் உற்பத்தியாளர்களே. தன் பண்டம் ஒரு வட்டாரத்தில் எவ்வாறு விற்கிறது என்பதைக் கடைக்காரரைவிட உற்பத்தியாளரின் விற்பனை முகவர் நன்கறிந்திருந்தார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு இடம் தரவேண்டும் என்று அவர் கூறும்போது அதை மறுக்கும் சான்று கடைக்காரரிடம் இல்லை.

கருத்திலிருந்து பொதுத் தரத்துக்கு

பட்டைக்குறியீட்டின் தொடக்கம் சில்லறை வணிகர் ஒருவரின் வேண்டுகோளோடு இணைத்துக் கூறப்படுகிறது. 1948-இல் உணவுக்கடைச் சங்கிலி ஒன்றின் தலைவர், ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்சல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வந்து, கல்லாவில் பொருளின் விவரத்தைத் தானாகப் பெறும் முறையை ஆராயுமாறு கேட்டார். அவ்வுரையாடலைக் கேட்க நேர்ந்த பட்டமேற்படிப்பு மாணவர் பெர்னார்ட் சில்வர் அதைத் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் கூறினார். மோர்ஸ் தந்திக் குறியீட்டின் புள்ளியையும் கோட்டையும் நீட்டிப் பார்த்த உட்லண்டின் சிந்தனையிலிருந்து தடித்த, மெல்லிய கோடுகளின் வரிசை பிறந்தது. இருவரும் 1949-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1952 அக்டோபர் 7 அன்று வழங்கப்பட்டது.

எனினும், அக்கருத்தைப் பயன்படுத்தும் நிலையில் அன்றைய தொழில்நுட்பம் இல்லை. கோடுகளைத் தெளிவாகப் படிக்கத் தக்க மலிவான ஒளிமூலமும், படித்ததை விலையோடு பொருத்தும் சிறிய கணினியும் தேவைப்பட்டன. லேசர் 1960-இல்தான் இயங்கிக் காட்டப்பட்டது. காப்புரிமை கைமாறிச் சென்று, வணிகப் பயன் ஏதும் காணாமலேயே 1969-இல் காலாவதியாயிற்று.

கருவியைவிடக் கடினமாக இருந்தது உடன்பாடு. ஒவ்வொரு கடையும் தனக்கெனக் குறியீட்டை உருவாக்கினால், ஒவ்வொரு டப்பாவிலும் கடையே சீட்டு ஒட்டவேண்டும்; சேமிக்கக் கருதிய உழைப்பு வேறு வடிவில் திரும்பிவிடும். உற்பத்தியாளரே ஆலையில் குறியீட்டை அச்சிட்டால் அச்சுமை நீங்கும். அதற்கு எல்லாக் கடைகளும் ஏற்கும் ஒரே குறியீடு வேண்டும். 1969-இல் உற்பத்தியாளர் சங்கக் குழுவும் உணவுச் சங்கிலிக் கடைகளின் சங்கக் குழுவும் கூடியபோது, தம் பழைய எண்களை உள்ளடக்கத்தக்க 11 இலக்கக் குறியீட்டை முன்னவர் கோரினர். செலவு குறைந்த 7 இலக்கக் குறியீட்டைப் பின்னவர் கோரினர். உடன்பாடின்றி அக்கூட்டம் முடிந்தது.

1970-இல் அமைக்கப்பட்ட தற்காலிகக் குழு இம்முட்டுக்கட்டையைத் தீர்த்தது. ஹைன்ஸ் நிறுவனத்தின் தலைவர் பர்ட் குக்கின் அதற்குத் தலைமை தாங்கினார். உற்பத்தியாளரும் சில்லறை வணிகரும் அதில் இடம்பெற்றனர். மெக்கின்சி நிறுவனம் ஆலோசனை வழங்கியது. உற்பத்தியாளரைக் குறிக்க 5 இலக்கங்களும் பொருளைக் குறிக்க 5 இலக்கங்களும் என 10 இலக்க எண் ஏற்கப்பட்டது. இவற்றின் முன்னே வகை இலக்கமும் பின்னே சரிபார்ப்பு இலக்கமும் சேர, இன்று அறியப்படும் 12 இலக்கம் அமைந்தது. குறியின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க ஆலன் ஹேபர்மன் தலைமையில் துணைக்குழு அமைந்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் வட்ட வடிவக் குறியை முன்வைத்து, 1972-இல் சின்சினாட்டியின் குரோகர் கடையொன்றில் அதைச் சோதித்தது. அச்சில் மை இழுபடும்போது வட்டக்குறி கெட்டுப்போயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த நேர்கோட்டுக் குறியில், கோட்டின் நீளவாக்கில் மை இழுபட்டால் கோடு நீளுமேயன்றித் தடிக்காது. 1973 ஏப்ரல் 3 அன்று லாரரின் வடிவமே தேர்ந்தெடுக்கப்பட்டது.

இக்குறியீட்டில் உள்ளவற்றைப் போலவே இல்லாத ஒன்றும் முதன்மை வாய்ந்தது. அதில் விலை இல்லை. குறியீடு பொருளின் அடையாளத்தை மட்டுமே தருகிறது. விலை கடையின் கணினியில் இருக்கிறது. அச்சிடுபவர் உற்பத்தியாளராக இருந்தும், விலையை இடும், மாற்றும் உரிமை முழுவதும் சில்லறை வணிகரிடமே நின்றது. பின்னர் விளைந்த நன்மைகள் பலவற்றுக்கு இவ்வமைப்பே அடித்தளமாயிற்று.

எதிர்பார்ப்பும் எதிர்ப்பும்

1974 ஜூன் 26 அன்று ஒஹாயோவின் டிராய் நகரிலுள்ள மார்ஷ் பேரங்காடியில் 67 சென்ட் விலையுள்ள ரிக்லி நிறுவனத்தின் சூயிங்கம் பொதி வருடப்பட்டது. பொதுக்குறியீட்டைக்கொண்டு நடந்த முதல் விற்பனை அதுவே. பணப்பதிவுப் பொறியின் ஊரான டேட்டனுக்கு அருகில் டிராய் இருப்பது கருதத்தக்கது. அக்கடையின் பொறிகளை வழங்கியதும் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டரின் வழிவந்த என்.சி.ஆர். நிறுவனமே.

தொடக்கத்தில் எதிர்பார்க்கப்பட்ட நன்மைகள் பெரும்பாலும் கல்லாவைச் சுற்றியே அமைந்தன. கணக்கிடும் நேரம் குறையும். காசாளரின் பிழை குறையும். ஒவ்வொரு பொருளிலும் விலை முத்திரையிடும் வேலை நீங்கும். இவற்றுள் மூன்றாவதே பெரிய சேமிப்பாகக் கருதப்பட்டது. எதிர்ப்பும் அதன்மீதே எழுந்தது. பொருளின்மேல் விலை இல்லாவிடில், அலமாரியில் கண்ட விலையும் கல்லாவில் வாங்கிய விலையும் ஒன்றா என்பதை நுகர்வோர் எவ்வாறு அறிவர் என்று நுகர்வோர் அமைப்புகள் வினவின. பணியிழப்பை அஞ்சிய கடைப் பணியாளர் சங்கங்களும் அவற்றோடு இணைந்தன. ஒவ்வொரு பொருளிலும் விலை இருக்கவேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டம் இயற்றின. மிச்சிகன் மாநிலம் 1976-இல் இயற்றிய அத்தகைய சட்டம் 2011 வரை நடைமுறையில் இருந்தது.

மற்றொரு தடை பொருளாதாரச் சார்புடையது. பெரும்பாலான பொருள்களில் குறியீடு இல்லாதவரை வருடுபொறி வாங்குவது கடைக்கு வீண்செலவு. போதிய கடைகளில் வருடுபொறி இல்லாதவரை குறியீடு அச்சிடுவது உற்பத்தியாளருக்குப் பயனற்றது. மளிகை உற்பத்தியாளர் பொதியுறையை மாற்றும்போது குறியீட்டையும் சேர்த்து அச்சிட்டுவிடலாம். அதற்கான செலவு சிறிது. வருடுபொறியும் கணினியும் கடைக்குப் பெருஞ்செலவு. ஆகவே குறியீடு பொருள்களில் பரவிய வேகத்துக்கு வருடுபொறிகள் கடைகளில் பரவவில்லை. 1976-இல் பிசினஸ் வீக் இதழ் பேரங்காடி வருடுபொறியைத் தோல்வியடைந்த முயற்சி எனத் தலைப்பிட்டு எழுதியது.

இத்தொடக்கக் கால நன்மையின் அளவைப் பிற்கால ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. பொருளியல் ஆய்வாளர் எமெக் பாஸ்கர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வருடுபொறி நிறுவிய முதல் சில ஆண்டுகளில் அங்காடியின் உழைப்புத்திறன் சராசரியாக ஏறத்தாழ 4.5 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டார். இது புறக்கணிக்கத்தக்க அளவன்று. ஆயினும் பெருமுதலீட்டைத் தேடி ஓடத் தூண்டும் அளவாகவும் பல கடைக்காரருக்கு அது தோன்றவில்லை என்பதைப் பரவலின் மந்தமே காட்டுகிறது. கல்லாச் சேமிப்பு மட்டுமே நன்மையாக இருந்திருப்பின் இத்தொழில்நுட்பம் பேரங்காடிகளின் துணைக்கருவியாக நின்றிருக்கக்கூடும்.

விற்பனைப் பதிவு கொள்முதல் கருவியாதல்

1980-களில் நிலை மாறியது. மளிகைக்கு வெளியே, ஆடையும் வீட்டுப் பொருள்களும் விற்ற பெருந்தள்ளுபடிக் கடைகள் குறியீட்டை ஏற்றன. கேமார்ட், வால்மார்ட் ஆகியவை தமக்குச் சரக்கு வழங்குவோர் குறியீட்டோடு வழங்கவேண்டும் என வற்புறுத்தின. அவை நாடிய பயன் கல்லாவைக் கடந்தது. வருடப்படும் ஒவ்வொரு பொருளும் ஒரு பதிவை விட்டுச்செல்கிறது. நாள்தோறும் குவியும் அப்பதிவைக்கொண்டு எந்தக் கடைக்கு எது எப்போது தேவை என்பதைத் தலைமையகம் கணக்கிட முடிந்தது.

வால்மார்ட் இவ்வாய்ப்பைப் பயன்படுத்திய விதம் நன்கறியப்பட்டது. 1987-இல் அந்நிறுவனம் தன் கடைகளையும் கிடங்குகளையும் பெண்டன்வில் தலைமையகத்தோடு இணைக்கும் தனியார் செயற்கைக்கோள் வலையமைப்பை நிறைவுசெய்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. குழந்தை அணையாடை போன்ற பொருள்களின் விற்பனையும் இருப்பும் உற்பத்தியாளருக்கு நேரடியாகத் தெரிவிக்கப்பட்டன. கொள்முதல் ஆணைக்குக் காத்திராமல் உற்பத்தியாளரே இருப்பை நிரப்பினார். 1991-இல் 'ரீடெயில் லிங்க்' என்னும் அமைப்பின் வழியாக இவ்வசதி பிற வழங்குநருக்கும் திறந்துவிடப்பட்டது. கிடங்குக்கு வரும் சரக்கைச் சேமித்து வைக்காது, வந்த வண்டியிலிருந்து செல்லும் வண்டிக்கு மாற்றி அனுப்பும் முறையும் இத்தரவின் துணையால் பெருகியது.

இதனால் சில்லறை வணிகர் பெற்ற நன்மைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, இருப்பு பற்றியது. விற்பதை நாள்தோறும் அறிந்தவர் குறைவாகவும் அடிக்கடியும் வரவழைக்க முடியும். சரக்கில் முடங்கும் பணம் குறைகிறது. இரண்டாவது, வகை பற்றியது. கண்ணால் கண்காணிக்க இயலாத எண்ணிக்கையிலான பொருள்களை ஒரே கடையில் வைத்து ஆள முடிகிறது. அமெரிக்க உணவு வணிக அமைப்பின் கணக்குப்படி, சராசரிப் பேரங்காடியிலிருந்த பொருள்வகைகள் 1975-இல் ஏறத்தாழ 9,000. 2008-இல் ஏறத்தாழ 47,000. இப்பெருக்கத்துக்குக் குறியீடு மட்டுமே காரணமன்று. குறியீடின்றி இதை ஆண்டிருக்க முடியாது என்பது தெளிவு. அடிக்கடி சரக்கு வருதலும் கடை பெரிதாதலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைத் தாமஸ் ஹோம்ஸ் 2001-இல் கோட்பாட்டு அடிப்படையில் விளக்கியுள்ளார்.

மூன்றாவது நன்மை பேரம் பற்றியது. முன்பு கடையின் இருப்பை எண்ணி உற்பத்தியாளருக்கு விற்ற ஆய்வு நிறுவனங்கள், இப்போது வருடல் தரவைக் கடைகளிடமிருந்து பெறவேண்டியிருந்தது. 1987-இல் இன்ஃபர்மேஷன் ரிசோர்சஸ் நிறுவனம் தொடங்கிய 'இன்ஃபோஸ்கேன்' சேவை பேரங்காடிகளின் வருடல் பதிவுகளையே மூலமாகக் கொண்டது. தன் பண்டம் எவ்வாறு விற்கிறது என்பதை அறிய உற்பத்தியாளர் கடையின் பதிவை நாடும் நிலை வந்தது. அதே பத்தாண்டில் புதுப்பொருளுக்கு அலமாரியில் இடம் தரக் கட்டணம் கேட்கும் வழக்கமும் அமெரிக்க மளிகை வணிகத்தில் பரவியது. எது விற்கவில்லை என்பதைச் சான்றோடு காட்ட வல்ல கடைக்காரர், விற்காத பொருளின் இடத்துக்கு விலை பேச முடிந்தது.

அதிகாரம் இடம்பெயர்ந்ததா?

மேற்கண்ட சான்றுகளிலிருந்து, விநியோகச் சங்கிலியில் அதிகாரம் உற்பத்தியாளரிடமிருந்து சில்லறை வணிகருக்கு இடம்பெயர்ந்தது என்னும் முடிவு 1990-களில் பரவலாக ஏற்கப்பட்டது. அம்முடிவைச் சோதித்த ஆய்வுகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. பால் ஃபாரிஸ், குசும் ஐலவாடி ஆகியோர் 1992-இலும், பால் மெசிஞ்சர், சக்கரவர்த்தி நரசிம்மன் ஆகியோர் 1995-இலும் வெளியிட்ட கட்டுரைகள் இலாபக் கணக்குகளை ஒப்பிட்டன. இலாபம் உற்பத்தியாளரிடமிருந்து மளிகைக் கடைகளுக்குப் பொதுவாக இடம்பெயர்ந்தது என்பதற்கு அவ்விலாபக் கணக்குகளில் ஆதரவு கிடைக்கவில்லை.

தரவு கைக்கு வந்தும் இலாபம் வராமைக்குக் காரணம் யாது? இரண்டு விளக்கங்கள் பொருந்துகின்றன. ஒன்று, போட்டி. எல்லாப் பேரங்காடிகளும் ஒரே தொழில்நுட்பத்தை ஏற்கும்போது, அதனால் குறையும் செலவு விலைக்குறைப்பாக நுகர்வோரிடம் சென்றுவிடுகிறது. குறியீட்டின் 25-ஆம் ஆண்டையொட்டி 1999-இல் வெளியான ஆய்வு, மளிகைத் துறையில் அதனால் விளையும் சேமிப்பை ஆண்டுக்கு 1,700 கோடி டாலர் என மதிப்பிட்டது. அச்சேமிப்பு துறை முழுவதற்கும் உரியது. சில்லறை வணிகரின் இலாபமாக அதைக் கொள்ளலாகாது.

மற்றொன்று, தரவைப் பயன்படுத்தும் ஆற்றல். இதற்குக் கேமார்ட்டின் வரலாறு தக்க சான்று. அந்நிறுவனமும் 1980-களில் வருடுபொறிகளை நிறுவியது. செயற்கைக்கோள் இணைப்பும் பெற்றது. எனினும் 1990-இல் வால்மார்ட் விற்பனையில் அதை முந்தியது. 2002 ஜனவரியில் கேமார்ட் திவால் பாதுகாப்பு கோரியது. அவ்வீழ்ச்சிக்குக் கடை அமைவிடம், விலைக்கொள்கை உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஒரே குறியீடும் ஒத்த கருவிகளும் இருவேறு விளைவுகளைத் தந்தன என்பது மறுக்க இயலாதது. கல்லாவில் திரளும் பதிவைக் கிடங்கு, வண்டி, கொள்முதல் ஆகியவற்றோடு பிணைத்த இடத்தில் பயன் விளைந்தது. பதிவு பதிவாகவே நின்ற இடத்தில் செலவே மிஞ்சியது.

நன்மையின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. அமெரிக்க ஆடைத் தொழிலை ஆராய்ந்து 1999-இல் ஃபிரெடெரிக் அபர்நாதி, ஜான் டன்லப், ஜானிஸ் ஹாமண்ட், டேவிட் வெய்ல் ஆகியோர் வெளியிட்ட நூல், சில்லறை வணிகர் இருப்பைக் குறைத்தபோது இருப்பு வைத்திருக்கும் இடர் உற்பத்தியாளரை நோக்கி நகர்ந்ததை விளக்குகிறது. கடையின் அலமாரி வாரந்தோறும் நிரப்பப்படவேண்டுமெனில், நிரப்புவதற்கான சரக்கை வேறொருவர் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். ஆகவே சில்லறை வணிகரின் நன்மையில் ஒரு பகுதி சங்கிலி முழுவதன் சிக்கனத்திலிருந்தும், மற்றொரு பகுதி சுமையின் இடமாற்றத்திலிருந்தும் வந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் தொழில்நுட்ப நன்மையை மதிப்பிடுதல் இயலாது.

எதிர்ச்சான்று: வானலை வில்லை

பட்டைக்குறியீடு வெற்றி பெற்ற சூழலை, அதை அடுத்து வந்த தொழில்நுட்பத்தின் தொடக்கத் தடுமாற்றம் தெளிவாக்குகிறது. ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் வானலை அடையாள வில்லை, ஒவ்வொன்றாக வருடத் தேவையின்றி, பெட்டிக்குள் இருக்கும் பொருளையும் தொலைவிலிருந்து அடையாளம் காட்ட வல்லது. 1999-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அதற்கென ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. வில்லையின் விலையை 5 சென்ட்டுக்குக் குறைப்பது அதன் இலக்குகளுள் ஒன்று. 2003-இல் வால்மார்ட் தன் முதல் 100 வழங்குநர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் சரக்கு அடுக்குகளிலும் வில்லை பொருத்தவேண்டும் என அறிவித்தது.

நன்மை உண்மையானதே. ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வால்மார்ட் கடைகளில் நடத்திய ஆய்வு, வில்லை பொருத்திய பொருள்கள் அலமாரியில் தீர்ந்துபோகும் நிலை 16 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. எனினும் வில்லையின் செலவு வழங்குநருக்கும், அதன் முதற்பயன் கடைக்கும் எனப் பிரிந்து நின்றது. வழங்குநர் பலர் கிடங்கை விட்டு வெளியேறும் பெட்டியில் வில்லையை ஒட்டி அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டனர். தம் பணிமுறையில் அதை இணைக்கவில்லை. அறிவித்த வேகத்தில் திட்டம் விரியவில்லை.

இரு நிகழ்வுகளையும் ஒப்பிடின் ஒரு வேறுபாடு புலப்படும். பட்டைக்குறியீட்டை இருதரப்பாரும் கூடி, இழுபறிக்குப் பின்னர், தரமாக ஏற்றனர். உற்பத்தியாளரின் செலவு அச்சு மையளவே. வானலை வில்லையோ ஒரு பெருவணிகரின் ஆணையாக வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச்செலவு வைத்தது. சில்லறை வணிகருக்கு நன்மை தரும் தொழில்நுட்பம் நிலைபெறுவதற்கு, அதன் செலவைச் சுமப்பவருக்கும் அதில் ஒரு பங்கு இருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

இந்தியச் சூழலுக்கான ஒப்பீடு

அமெரிக்கக் குறியீட்டைத் தழுவி 1977-இல் ஐரோப்பாவில் 13 இலக்கக் குறியீடு அமைக்கப்பட்டது. இந்தியாவில் பதிவு பெறும் நிறுவனங்களின் எண்கள் 890 எனத் தொடங்குகின்றன; அவற்றை வழங்கும் அமைப்பு 1996-இல் நிறுவப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் சிற்றூர் மளிகைக்கடையில் தொங்கும் சலவைத்தூள் பொட்டலத்திலும் இக்கோடுகள் உள்ளன. ஆனால் அக்கடைகளுள் பலவற்றில் வருடுபொறி இல்லை. உற்பத்தியாளர் அச்சிட்ட குறியீடு கடைக்காரருக்கு எதையும் கூறாமலேயே கைமாறுகிறது.

அதே கடையின் முகப்பில் பணம் பெறுவதற்கான சதுரக் குறியீடு ஒட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல் வாகன உதிரிப் பொருள்களைக் கண்காணிக்க உருவாக்கிய அக்குறியீடு, 2016-இல் தொடங்கிய யூ.பி.ஐ. பணப்பரிமாற்ற முறையோடு இங்குப் பரவியது. இது கடைக்காரருக்குச் சில்லறைத் தட்டுப்பாட்டை நீக்கியது, வரவை உறுதிசெய்தது. எனினும் வரலாற்று நோக்கில் இது 1879-இன் பணப்பதிவுப் பொறியை ஒத்திருக்கிறது. தொகையைப் பதிகிறது, பொருளைப் பதிவதில்லை. அப்பதிவும் கடைக்காரரின் ஏட்டில் தங்காமல், வங்கியிடமும் பணப்பரிமாற்றச் செயலியிடமும் சேர்கிறது. சிறுவணிகர் மின்னணுமயமாகிவிட்டார் என்னும் கூற்றை ஏற்குமுன் எந்தப் பதிவு, யாரிடம் என்று வினவவேண்டியுள்ளது.

முடிவுரை

பட்டைக்குறியீட்டின் வரலாற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. கல்லாவில் உழைப்பைச் சேமிப்பதற்காக நாடப்பட்ட தொழில்நுட்பம், விற்பனை பற்றிய அறிவின் இருப்பிடத்தை மாற்றியது. உற்பத்தியாளரின் தணிக்கை அறிக்கையில் இருந்த அறிவு சில்லறை வணிகரின் கணினிக்கு வந்தது. எதிர்பார்த்த நன்மையைவிட எதிர்பாராத இந்நன்மையே பெரிதாயிற்று.

2. இவ்வறிவு தானாக இலாபமாக மாறவில்லை. கொள்முதல், கிடங்கு, போக்குவரத்து ஆகியவற்றோடு அதை இணைத்தவர்களே தனித்த பயன் பெற்றனர். சில்லறை வணிகர் என்னும் பிரிவினர் அனைவரும் ஒருசேர வலுப்பெற்றனர் என்பதற்குச் சான்று இல்லை.

3. பொதுத் தரமும், செலவும் பயனும் ஓரளவேனும் பகிரப்பட்ட ஏற்பாடும் இத்தொழில்நுட்பத்தின் பரவலுக்கு அடிப்படையாயின. அவ்வேற்பாடு குன்றிய இடத்தில் வானலை வில்லை தடுமாறியது.

4. விலையைப் பொருளின்மேல் காணும் நுகர்வோர் உரிமை, பணியாளரின் வேலை, வழங்குநரின் இருப்புச்சுமை ஆகியன இந்நன்மையின் எதிர்ப்பக்கத்தில் பதிவாகவேண்டியவை.

சில்லறை வணிகத் தொழில்நுட்பம் குறித்த இனிவரும் தமிழ் ஆய்வுகள், கருவியின் திறனைப் பட்டியலிடுவதோடு அமையாது, அக்கருவி விட்டுச்செல்லும் பதிவு எவருடைய கையில் சேர்கிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். சிறுகடைகள் பெருவாரியாக உள்ள நம் நாட்டில், கூட்டுறவுக் கொள்முதலோடு இணைந்த விற்பனைப் பதிவு முறை சிறுவணிகருக்கு எத்தகைய பயனைத் தரக்கூடும் என்பது தனித்த கள ஆய்வுக்குரியது.